மணியோசை மேசைக் கடிகாரம்: கெடா வீடுகளில் அடையாளம், பழுது, மதிப்பு

சாவி கொடுத்து முறுக்கிய ஸ்பிரிங்கின் விசையில் ஓடி, கால் மணிக்கு ஒரு தரம் சிறு மெட்டும் மணிக்கு ஒரு தரம் எண்ணிக்கையும் ஒலிக்கும் வீட்டுக் கடிகாரமே மணியோசை மேசைக் கடிகாரம். குளிர்நாட்டு வீடுகளில் கணப்படுப்புக்கு மேலே நீண்டிருக்கும் பலகையில் வைப்பதற்கென்றே அதன் உயரமும் அகலமும் வகுக்கப்பட்டன. மலேசியாவின் கெடாவில் கணப்படுப்புக்கு எங்கே போவது? இங்கே அது கண்ணாடி அலமாரியின் தலையில், வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில், சாமி படங்களுக்குக் கீழே அடித்த பலகையில் இடம் பிடித்தது. 'மணி அடிக்கிற கடிகாரம்', 'சாவி கொடுக்கிற கடிகாரம்' என்று சொன்னால்தான் தமிழர் வீடுகளில் புரியும்.

ரப்பர்த் தோட்டத்தில் நேரத்தை அறிவிப்பது நிர்வாகத்தின் வேலை. விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, ஆள் கூட்ட மணி அடிக்கும். பல தோட்டங்களில் அந்த மணி, கயிற்றில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான். லயத்து வீட்டில் கடிகாரம் இல்லாமலே வாழ்க்கை நடந்தது. சொந்தமாகக் கடிகாரம் வைத்திருந்தவர்கள் துரை, பெரிய கிராணி (தலைமை எழுத்தர்), டிரெசர் (மருந்தக உதவியாளர்), பள்ளி ஆசிரியர். நகரத்தில் என்றால் கிட்டங்கிச் செட்டியார், துணிக்கடைக்காரர், அரசாங்க எழுத்தர். 1915-இல் ரயில் அலோர்ஸ்டாரை எட்டிய பிறகு நிமிடக் கணக்கும் ஊருக்குள் வந்தது. சுங்கை பட்டாணி ஜாலான் இப்ராஹிமில் நிற்கும் மணிக்கூண்டு 1936-இல் எழுந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக அதைக் கட்டிக் கொடுத்தவர் லிம் லியன் தெங் என்ற சீனச் செல்வந்தர். சம்பளம் வாங்கி பசாருக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து நேரம் தெரிந்துகொண்டார்கள்.

1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். இப்படித் தோட்டம் கைமாறிய காலத்தோடு சேர்த்துத்தான் குடும்பங்களில் கதை சொல்வார்கள்: 'துரை ஊருக்குப் போகும்போது தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன கடிகாரம்.' கதை உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

முகத்தை விட்டு முதுகைப் பார்த்தல்

கடிகாரம் கையில் வந்ததும் எல்லோரும் டயலில் உள்ள பெயரைத்தான் படிக்கிறார்கள். அந்தப் பெயர் பல வேளைகளில் விற்ற கடையின் பெயர். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் தங்கள் பெயர் பொறித்த டயலோடு கடிகாரங்கள் விற்றார்கள். உள்ளே ஓடிய இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பினாங்கில் கடை வைத்திருந்த ஒயிட்வே லெய்ட்லா போன்ற பெருங்கடைகளும் விற்றது கப்பலில் வந்த சரக்குதான். ஆகவே பெயரைக் குறித்துக்கொண்டு, பின்கதவைத் திறந்து, கைவிளக்கு அடித்து, இயந்திரத்தின் பின் தகட்டைப் பார்க்க வேண்டும். உண்மையான பிறப்புச் சான்றிதழ் அந்தப் பித்தளைத் தகட்டில்தான் குத்தப்பட்டிருக்கிறது.

எட்டு முனை நட்சத்திரத்துக்குள் 'ஜே' எழுத்து இருந்தால் அது யுங்ஹான்ஸ். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஷ்ராம்பெர்க் என்ற சிற்றூரில் 1861-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. 1903 வாக்கில் மூவாயிரம் பேருக்கு மேல் வேலை செய்து, நாளொன்றுக்கு சுமார் 9,000 கடிகாரங்களை வெளியே அனுப்பி, உலகத்திலேயே பெரிய கடிகாரத் தொழிற்சாலை என்று பெயர் வாங்கியிருந்தது. கெடா தோட்டத்துக்குக் கருங்காட்டுக் கடிகாரம் வந்தது அதிசயம் இல்லை என்பதற்கு அந்த எண்ணிக்கையே போதும். யுங்ஹான்ஸ் இயந்திரங்கள் சிலவற்றில் 'ஏ' அல்லது 'பி' என்ற எழுத்தும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் இருக்கும். 'பி 12' என்றால் 1912-இன் பிற்பாதி; 'ஏ' என்றால் முற்பாதி. இவ்வளவு சுளுவாக வயது சொல்லும் கடிகாரம் வேறு அதிகம் இல்லை.

ஒன்றையொன்று வெட்டும் இரண்டு அம்புகள் ஹாம்பர்க் அமெரிக்கன் கம்பெனியின் குறி. பெயரில் ஹாம்பர்க்கும் அமெரிக்காவும் இருந்தாலும் பட்டறை இருந்தது அதே ஷ்ராம்பெர்க்கில். நங்கூரமும் 'ஜி.பி.' எழுத்துகளும் இருந்தால் கஸ்டாவ் பெக்கர். சைலீஷியாவில், இன்றைய போலந்து மண்ணில் செய்தது. பெக்கர் கடிகாரங்களில் வரிசை எண் இருக்கும். அந்த எண் 1892 வாக்கில் பத்து லட்சத்தைத் தொட்டது என்பது சேகரிப்பாளர்கள் நம்பிப் பிடிக்கும் அளவுகோல். இந்த இரண்டு கம்பெனிகளும் 1920-களின் பிற்பாதியில் யுங்ஹான்ஸோடு கலந்துவிட்டன.

அமெரிக்கக் கடிகாரமான செத் தாமஸ் வயதை மறைத்து வைத்திருக்கும் விதம் வேடிக்கையானது. 1881 முதல் 1918 வரை அந்தக் கம்பெனி மரப்பெட்டியின் அடியிலோ பின்புறத்திலோ ஆண்டைத் தலைகீழாக அச்சடித்தது. '5981 ஜே' என்று பார்த்தவர்கள் அதை மாடல் எண் என்று நினைப்பார்கள். பின்னாலிருந்து படித்தால் 1895. 'ஜே' பத்தாவது எழுத்து, ஆகவே அக்டோபர். இதே கம்பெனியின் கறுப்புப் பெட்டிகள் பளிங்குக் கல் போலத் தோன்றும். விரலால் தட்டினால் மரச்சத்தம் வரும். மேலே ஒட்டியிருப்பது 1880-இல் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டு தகடு. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் ஒரு துளி பட்டால் அது கரைந்துவிடும் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மற்றொரு அமெரிக்கப் பெயரான அன்சோனியாவைக் கண்டால் 1929-க்கு முந்தையது என்று கொள்ளலாம். அந்த ஆண்டு தொழிற்சாலையின் இயந்திரங்களைச் சோவியத் அரசு விலைக்கு வாங்கி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனது.

1930-களுக்குப் பின் மலாயாவில் பெருகியவை இங்கிலாந்தின் ஸ்மித்ஸ், என்ஃபீல்டு கடிகாரங்கள். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்த நெப்போலியன் தொப்பி வடிவத்தில் வந்தவை பெரும்பாலும் இவைதான். என்ஃபீல்டு கம்பெனி தொடங்கியது 1929-இல். ஸ்மித்ஸ் அதை வாங்கியது 1933-இல். டயலில் 'ஸ்மித்ஸ் என்ஃபீல்டு' என்று இருந்துவிட்டு, வீட்டுக் கதை 'முதல் உலகப் போர் காலத்துத் துரை' என்று சொன்னால் கதையில்தான் கோளாறு. ஊசலே இல்லாமல், செங்குத்தாக நின்ற கம்பிச்சுருளில் மிதந்தபடி திரும்பும் சக்கரம் உள்ளே தெரிந்தால் அது 1950-களில் பரவிய அமைப்பு. தாத்தாவுக்குக் கொடுத்த துரை உண்மையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவர் மெர்டேக்காவை ஒட்டிக் கிளம்பிய துரையாக இருக்க வேண்டும்.

ஜப்பானிய செய்கோஷாவையும் மறக்கக் கூடாது. அந்தத் தொழிற்சாலை 1892-இல் சுவர்க் கடிகாரத்தோடுதான் தொடங்கியது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால் காலம் 1952-க்குப் பிந்தாது. பொதுவாக எந்த நாட்டுச் சரக்கிலும் 'மேட் இன் ஜெர்மனி' போன்ற வரி இருந்தால், 1887-இல் பிரிட்டன் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிந்தையது என்று ஊகிக்கலாம்.

துளை எத்தனை, சுரம் எத்தனை

டயலில் உள்ள சாவித் துளைகளை எண்ணினாலே கடிகாரத்தின் குணம் தெரியும். ஒரு துளை என்றால் நேரம் மட்டும். இரண்டு என்றால் வலது துளை ஓட்டத்துக்கு, இடது துளை மணி அடிப்பதற்கு; மணிக்கு மணி எண்ணி அடித்து, அரை மணிக்கு ஒரு அடி போடும். ஒரு நாளைக்கு மொத்தம் 180 அடி. மூன்று துளை இருந்தால் அதுதான் மெட்டுப் பாடும் கடிகாரம்: நடுவில் ஓட்டம், இடதில் மணி, வலதில் மெட்டு. மூன்றுக்கும் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் சாவி கொடுக்க வேண்டும். எட்டு நாள் ஓடும் கடிகாரத்துக்கு ஏழாம் நாள் சாவி கொடுத்தால் ஒரு நாள் கையிருப்பு.

பெரும்பாலானவை பாடுவது வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டு. லண்டன் பிக் பென்னால் புகழ் பெற்றாலும் அது பிறந்தது கேம்பிரிட்ஜ் நகரத்து புனித மேரி பெரிய தேவாலயத்தில், 1793-இல். லண்டனுக்கு வந்தது 1859-இல். கணக்குப் பிரியர்களுக்கு இந்த மெட்டு ஒரு விருந்து. நாலே நாலு சுரம். அவற்றை ஐந்து விதமாக அடுக்கிய, பாட்டின் வரிகள் போன்ற ஐந்து அடிகள். கால் மணிக்கு ஒரு அடி, அரைக்கு இரண்டு, முக்காலுக்கு மூன்று, முழு மணிக்கு நாலு. கூட்டினால் பத்து. ஐந்து அடிகளும் மணிக்குச் சரியாக இரண்டு சுற்று வந்துவிடும். முதல் அடி கால் மணிக்கு. இரண்டும் மூன்றும் அரைக்கு. நாலு, ஐந்து, மறுபடி ஒன்று முக்காலுக்கு. மிச்சம் நாலும் முழு மணிக்கு. உள்ளே முள் பதித்த சிறு உருளை ஒன்று மணிக்கு இரண்டு முறை சுற்றுவதுதான் இதன் ரகசியம். கால் மணிக்கு ஒரே ஒரு அடியாக, இறங்கும் நாலு சுரம் வராமல் வேறு வரிசை வந்தால் உருளை இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கிறது. யாரோ முன்பு கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

முழு மணிக்குச் சில நிமிடம் முன்பு உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது பழுது இல்லை. மணி அடிக்கும் சக்கரத் தொடர் பூட்டு கழன்று, சற்றே நகர்ந்து, தயாராக நிற்கிறது. பழகிய வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதுமே அடுப்படியில் இருப்பவர்கள் மணியைச் சொல்லிவிடுவார்கள்.

நேரமே இடம் மாறிய நாடு

கெடாவில் உள்ள எந்தப் பழைய கடிகாரத்தின் முள்ளும் குறைந்தது ஒரு தரமாவது அரசாங்க ஆணையால் நகர்த்தப்பட்டது. போருக்குச் சற்று முன் மலாயா நேரம் கிரீன்விச்சை விட ஏழரை மணி முன்னால் இருந்தது. ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரம். கடிகாரம் ஒன்றரை மணி முன்னால் தள்ளப்பட்டது. போர் முடிந்ததும் பழையபடி பின்னால். பிறகு, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக்க, 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் தீபகற்ப மலேசியா முழுவதும் 12 மணி என்று முள்ளை நகர்த்திக்கொண்டது.

மற்ற கடிகாரத்துக்கு இது ஒரு நொடி வேலை. மெட்டுப் பாடும் கடிகாரத்துக்கு அப்படி இல்லை. பெரிய முள்ளை முன்னோக்கி மட்டுமே நகர்த்த வேண்டும். ஒவ்வொரு கால் மணியிலும் நிறுத்தி, பாட்டு முடியும் வரை காத்திருந்து, பிறகு அடுத்த காலுக்குப் போக வேண்டும். அந்த டிசம்பர் இரவில் இதை முறையாகச் செய்தால் 11.30-க்கு எட்டு சுரம், 11.45-க்குப் பன்னிரண்டு, 12-க்குப் பதினாறு, மேலே பன்னிரண்டு மணி அடி. புத்தாண்டு பிறக்க இவ்வளவு சத்தம் போதும். நேரத்தைப் பின்னால் கொண்டுபோக வேண்டி வந்தால் முள்ளைத் திருப்பாமல், ஊசலை நிறுத்திவைத்து நேரம் வந்து சேரும் வரை விட்டுவிடுவதே பாதுகாப்பு. பழைய இயந்திரங்கள் பலவற்றில் வளைந்த நெம்புகளுக்கும் ஒடிந்த முனைகளுக்கும் காரணம், யாரோ அவசரத்தில் முள்ளை இடப்பக்கம் திருப்பியதுதான்.

பூமியின் இழுவை வேறொரு கணக்கு. 1672-இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் ஊருக்கு ஒரு ஊசல் கடிகாரம் கொண்டுபோனார். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இழுவை சற்றுக் குறைவு. ஊசல் சற்றுச் சோம்பல். கயேன் இருப்பது வடக்கு 5 பாகையில். சுங்கை பட்டாணி ஐந்தரைப் பாகைக்கு மேல் கொஞ்சம். ஜெர்மனியில் சரியாக ஓடிய ஊசலை அப்படியே கெடாவில் மாட்டினால் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்தங்கும். வெப்பத்தில் ஊசல் தண்டு நீள்வதால் இன்னும் சில நொடிகள் போகும். 'பழசாகிவிட்டது, மெதுவாக ஓடுகிறது' என்று பழி சுமத்தப்படும் கடிகாரங்களில் சில புவியியல் காரணத்தால் மெதுவாக ஓடுபவை. ஊசலின் அடியில் உள்ள சிறு திருகை உயர்த்தினால் போதும். 15 செ.மீ. ஊசலுக்கு இரண்டு நிமிடத்தை மீட்க வேண்டிய உயரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

கெடாவின் பழுதுகள்

ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லாத பழுதுகள் இங்கே உண்டு. குளவி சாவித் துளைக்குள் மண் வைத்துக் கூடு கட்டும். பல்லி பின்கதவு இடுக்கு வழியே நுழைந்து மணிக்கம்பிக்குக் கீழே முட்டையிடும். எறும்புகள் சர்க்கரைத் தூளைப் போலப் பொடிந்த மண்ணைச் சக்கரங்களுக்கிடையே சேர்க்கும். கறையான் வந்தால் பெட்டியின் அடிப்பலகை வெறும் தோலாக நிற்கும். தூக்கும்போது இயந்திரம் கையோடு வந்துவிடும். கெடாவின் வடமேற்குச் சமவெளியில் ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி, பிறகு மழை. மரம் சுருங்கியும் பருத்தும் விளையாட, விலங்குத்தோல் பசையால் ஒட்டிய மேல்தகடு காற்றுப் புகுந்து எழும்பும். ஈரக்காற்றில் பித்தளைக்கு அதிகச் சேதமில்லை. எஃகால் ஆன அச்சும் ஸ்பிரிங்கும்தான் துருப்பிடிக்கும்.

இயற்கையை விட அதிகச் சேதம் செய்தது அன்பு. கடிகாரம் நின்றதும் வீட்டில் இருப்பவர் தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ எடுத்து வருவார். முதல் வாரம் ஓடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் கெட்டுப் பிசினாகும். எல்லாவற்றின் மேலும் ஊற்றிய எண்ணெய் தூசியை இழுத்து அரைக்கும் பசையாக்கும். அந்தப் பசை, அச்சு சுழலும் துளையைத் தேய்த்து நீள்வட்டமாக்கும். பின் தகட்டில் துளையைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அங்கே தேய்மானம் நடக்கிறது. அந்த இடத்துச் சக்கரத்தை விரலால் மெல்ல ஆட்டினால் அச்சு பக்கவாட்டில் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதற்குச் சரியான மருந்து, துளையை வட்டமாக அறுத்துப் புஷ் எனப்படும் புதிய பித்தளை வளையம் பொருத்துவது. பட்டறைகளில் ஒரு காலத்தில் செய்த குறுக்குவழி வேறு: துளையைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக உளியால் குத்தி உலோகத்தை உள்பக்கம் தள்ளுவது. கடிகாரம் ஒரு வருடம் ஓடும். அந்தக் குத்துப் புள்ளிகள் மட்டும் என்றைக்கும் போகாது. வாங்குபவர் பின் தகட்டில் முதலில் தேட வேண்டியது தொழிற்சாலை முத்திரையை. இரண்டாவது இந்தப் புள்ளிகளை. பழைய பழுதுநீக்குநர்கள் உள்தகட்டில் ஊசியால் கீறிவைத்த தேதியும் பெயரும் கூடக் கிடைக்கலாம். அதை மெருகேற்றி அழிக்கக் கூடாது.

சுத்தம் செய்வதில் ரப்பர் நாட்டுக்காரருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேதிப்பொருள் குறுக்கே வருகிறது: அம்மோனியா. மரப்பால் உறையாமல் இருக்கத் தோட்டத்து ஸ்டோரில் கலப்பார்களே, அதுதான். பித்தளையைப் பளிச்சென்று ஆக்கும் கடிகாரக் கரைசல்களிலும் அது உண்டு. ஆனால் முறுக்கமுள்ள பித்தளையை அம்மோனியா மெல்ல விரிசலிட வைக்கும். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டா உறைகள் தாமாகவே வெடித்துக் கிழிந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். ஆகவே கரைசலில் ஊறவைப்பதைச் சில நிமிடங்களோடு நிறுத்தி, நன்றாக அலசி, உடனே உலர்த்த வேண்டும். இரவெல்லாம் ஊறவிட்டுக் காலையில் பார்ப்பது தவறான முறை.

வீட்டிலேயே செய்யக்கூடியது எது, பட்டறைக்குப் போக வேண்டியது எது என்ற கோடு தெளிவாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் அந்தக் கோடு. முறுக்கிய மெயின் ஸ்பிரிங் இருக்கும்போது தகட்டுத் திருகைக் கழற்றினால் சக்கரப் பற்கள் ஒடியும், விரலும் போகும். முதலில் அதற்குரிய கைப்பிடியால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தளர்த்த வேண்டும். அந்தக் கருவி இல்லாதவர் இயந்திரத்தைப் பிரிக்கவே கூடாது.

இனி வீட்டு வேலைகள். 'அதிகமாகச் சாவி கொடுத்துவிட்டோம், அதனால் நின்றுவிட்டது' என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் குற்றச்சாட்டு. ஸ்பிரிங் முழுதும் முறுகினால் சாவி திரும்பாது, அவ்வளவுதான். முழுச் சாவியோடு கடிகாரம் நிற்கிறது என்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, அல்லது ஊசல் சமமாக ஆடவில்லை. காதை வைத்துக் கேட்க வேண்டும். டிக், டக் இரண்டுக்கும் இடையில் சம இடைவெளி இருக்க வேண்டும். டிக்-டக்... டிக்-டக் என்று நொண்டினால் பெட்டியின் ஒரு மூலைக்கு அடியில் மடித்த அட்டை வைத்துப் பாருங்கள். சத்தம் சமமாகும் இடத்தில் கடிகாரம் ஓடும். பலகை வீட்டுத் தரையில் பெரும்பாதி நோய்க்கு இந்த அட்டையே மருந்து.

மூன்று மணிக்கு நாலு அடிக்கிறதா? புதிய வகை இயந்திரத்தில் சின்ன முள் வெறும் அழுத்தத்தில் நிற்பது; அதை விரலால் நாலுக்குத் திருப்பிவிட்டு, பெரிய முள்ளால் நேரத்தைச் சரி செய்தால் முடிந்தது. பழைய வகையில் அடிக்கும் எண்ணிக்கையை வெட்டுகள் கொண்ட ஒரு வட்டத்தகடு தீர்மானிக்கும். அதற்கு முள் எங்கே நிற்கிறது என்பது தெரியாது, வரிசைதான் தெரியும். உள்ளே உள்ள நெம்பைத் தூக்கித் தூக்கிச் சரியான மணி வரும் வரை அடிக்க வைக்க வேண்டும்.

ஒலி கரகரத்தால் சுத்தியலைப் பார்க்க வேண்டும். சுத்தியல் முகத்தில் உள்ள தோல் காய்ந்து கல்லாகியிருக்கும். மென்மையான தோல் துண்டை மாற்றி ஒட்டினால் பழைய குரல் திரும்பும். சுத்தியல் ஓய்வில் இருக்கும்போது கம்பியைத் தொடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி நிற்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் மணி 'டொக்' என்று செத்துப்போகும். வளைக்க வேண்டியது சுத்தியலின் காம்பைத்தான். மணிக்கம்பியை வளைக்கவே கூடாது. அது வேரில் பட்டென்று ஒடியும், அதே சுரத்தில் வேறொரு கம்பி கிடைப்பது அரிது.

எண்ணெய் என்றால் கடிகாரத்துக்கென்று விற்கும் எண்ணெய். அச்சு சுழலும் குழியில் மட்டும் ஊசி முனையளவு. சக்கரப் பற்களுக்கு எண்ணெய் கிடையாது. தெளிக்கிற டப்பா எண்ணெய் பூட்டுக்கு நல்லது; கடிகாரத்துக்கு ஆகாது.

கடைகளின் முன் நடைபாதையான ஐந்தடியில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேட்டரி மாற்றும் வாட்ச்காரர் கைக்கடிகாரக் கலைஞர். மெட்டுக் கடிகாரத்துக்கு வேறு கருவி, வேறு பொறுமை வேண்டும். கொடுக்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: 'பிரித்துக் கழுவி புஷ் போடுவீர்களா, எண்ணெய் மட்டும் விடுவீர்களா?' பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

மதிப்பு

பழசு என்றால் விலை என்ற நம்பிக்கை இந்தக் கடிகாரங்களிடம் பலிப்பதில்லை. நாளுக்கு ஆயிரக்கணக்கில் செய்து குவித்த பொருள். 1930-களின் நெப்போலியன் தொப்பிகள் உலகெங்கும் மலிந்து கிடக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு விற்கும் விலையை விட முறையான பழுதுநீக்கும் கூலி அதிகம். ஸ்பிரிங்கிலிருந்து கூம்பு உருளைக்குச் சங்கிலி ஓடும் பழைய லண்டன் இயந்திரம், மூன்று மெட்டு மாற்றிப் பாடக்கூடிய பெரிய பெட்டி, மணிக்கம்பிக்குப் பதில் உண்மையான மணிகள் அடுக்கியது ஆகியவை வேறு வரிசை. அவை கையில் கிடைத்தால் கண்டபடி யாரிடமும் கொடுத்துத் திறக்கவிடக் கூடாது.

விலையைக் குறைப்பவை மூன்று. ஒன்று, ஒரு பெட்டிக்குள் வேறொரு கடிகாரத்தின் இயந்திரம். பின்பலகையில் காலியான திருகுத் துளைகள் இருந்தாலோ, டயல் துளைக்கு நேராகச் சாவி முனை நிற்காமல் ஓரமாக நின்றாலோ சந்தேகப்பட வேண்டும். இரண்டு, புதிதாக வார்னிஷ் அடித்துப் பளபளக்கும் பெட்டி. பழைய மெருகைச் சுரண்டி எடுத்துவிட்டால் திரும்ப வராது. மூன்று, எல்லாவற்றையும் விடக் கொடியது: இயந்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு பேட்டரி குவார்ட்ஸ் வைத்தது. நேரம் சரியாகக் காட்டும். கடிகாரம் இறந்துவிட்டது.

விலையைக் கூட்டுவதில் கெடாவுக்கென்று ஒன்று உண்டு. ஓய்வு பெற்ற கிராணிக்கோ மாற்றலாகிப் போன துரைக்கோ அன்பளிப்பாகக் கொடுத்த கடிகாரத்தில், தோட்டத்தின் பெயரும் ஆண்டும் பொறித்த சிறு தகடு பதித்திருப்பார்கள். லண்டன் ஏலக்காரருக்கு அது ஒரு சிறு தகடு. செம்பனை வந்து லயங்கள் இடிக்கப்பட்டு, பெயரே வழக்கொழிந்த ஒரு தோட்டத்தின் வாரிசுகளுக்கு, அந்தத் தோட்டம் இருந்ததற்குக் கையில் பிடிக்கக்கூடிய ஆதாரம் அது ஒன்றாகக்கூட இருக்கும். தகட்டைக் கழற்றி மெருகேற்றக் கூடாது. அதன் திருகைக்கூடத் தொடாமல் விடுவது உத்தமம்.

கோலாலம்பூரில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குக் கடிகாரத்தை எடுத்துப் போவதாக இருந்தால், முதலில் ஊசலைக் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள். சுத்தியல்களுக்கும் மணிக்கம்பிகளுக்கும் நடுவே மடித்த துணியைச் செருகுங்கள். காரின் பின்பெட்டியில் படுக்க வைக்காமல், மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஏற்கெனவே பேட்டரி இயந்திரமாக மாற்றிவிட்டிருந்தால், கழற்றிய பழைய பித்தளை இயந்திரம் எங்கே என்று அவரிடம் கேளுங்கள். கிடைத்தால் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, எந்தக் கடிகாரத்துக்கு உரியது என்று சீட்டு எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். பின்னால் ஒரு கைதேர்ந்தவர் கிடைத்தால் ஒரு நாளில் திரும்பப் பொருத்திவிடுவார்.